மறுபக்கத்து பிரேக்

அந்த ஊரில் எந்தக் கார் உரசாமல் சந்து திரும்பினாலும் அதில் மாஸ்டரின் திட்டு கொஞ்சம் கலந்திருக்கும். வக்கீலுக்கு, பல் டாக்டருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு, மருந்துக்கடைக்காரரின் மாமனாருக்கு என்று ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் சொந்தமாக ஒரு கார் கிடையாது. இருந்ததெல்லாம் டிரைவிங் ஸ்கூல் கார்தான். கூரையில் சிவப்பு 'எல்' போர்டு, இரண்டு பக்கக் கதவிலும் 'பொறுமையே பாதுகாப்பு' என்ற வாசகம், ஓட்டுகிறவரின் காலடியில் இருப்பதைப் போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக். கற்றுக்கொள்கிறவர் பதறிப்போய் எதையாவது மிதித்துத் தொலைத்தால், மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி உயிரையும் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவார்.

அந்தக் காரில்தான் குடும்பம் மலைக்குப் புறப்பட்டது. போர்டைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று மாஸ்டர் ஸ்பேனரும் கையுமாகக் கூரையோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். போல்ட் துருப்பிடித்துக் கூரையோடு கூரையாகிவிட்டிருந்தது. "இருந்துட்டுப் போகட்டும், மலையில நம்மள யாருக்குத் தெரியும்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

அவருக்குப் பக்கத்தில், அந்த இரண்டாவது பிரேக் இருக்கும் இடத்தில், அவர் மனைவி. தெரு முழுக்க அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். பின்னால் அவர்களுடைய ஒரே மகள். கல்லூரிக்குப் போகும் வயதாகியும் வீட்டில் வாலு என்ற பெயர் மாறவில்லை, மாறும்படி அவளும் நடந்துகொள்ளவில்லை. அவள் பக்கத்தில் மாஸ்டரின் அக்கா. மடியில் பிளாஸ்க், கையில் எலுமிச்சம்பழம், வாயில் ஓயாத பேச்சு.

மாஸ்டரம்மாவின் கைப்பைக்குள், ஜிப் வைத்த உள்ளறையில், யாருக்கும் தெரியாத ஒரு பொருள் இருந்தது. யாருக்கும் என்றால் வாலுவைத் தவிர. அது மாஸ்டரம்மாவின் டிரைவிங் லைசென்ஸ்.

கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். ஊராரிடம் காட்டிய கொஞ்சநஞ்சப் பொறுமையும் பெண்டாட்டியிடம் வரவில்லை. கிளட்சை விடு, விடாதே, விடச் சொன்னேனா என்று ஒரே மூச்சில் மூன்றும் சொன்னார். அவள் காரைக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ச் சாத்தினாள். "உனக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒத்தே வராது" என்று அன்றைக்குத் தீர்ப்பு எழுதியவர், அதற்குப் பிறகு அந்த வழக்கைத் திறக்கவேயில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு, காலையில் அவர் வகுப்புக்குப் போனதும் தையல் வகுப்பு என்று சொல்லிக் கிளம்பி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். அதன் முதலாளியை மாஸ்டர் தகர டப்பா என்ற பெயரைத் தவிர வேறு பெயரில் குறிப்பிட்டதே கிடையாது. நடுவில் ஒரு நாள் மாஸ்டர், "இத்தனை மாசமா தையல் படிக்கிற, ஒரு தலையணை உறை கூட வரலையே" என்று கேட்டார். "இன்னும் அளவெடுக்கிறதுலதாங்க இருக்கோம்" என்றாள் மாஸ்டரம்மா.

லைசென்ஸ் வாங்கியதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது வரவில்லை. சொன்னால் முதலில் எங்கே கற்றாய் என்று கேட்பார். தகர டப்பாவிடம் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் எப்படிச் சாப்பாடு பரிமாறுவது? ஆனால் இனியும் தள்ளிப்போட முடியாது. ஸ்கூலில் பெண்களுக்குத் தனி வகுப்பு தொடங்கப் போகிறார் மாஸ்டர். சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு அம்மாவைப் பேசி வைத்திருந்தார். ஊர் திரும்பியதும், திங்கட்கிழமை, அந்த அம்மா வந்து வேலையை உறுதி செய்துகொள்வதாக ஏற்பாடு. அந்த வேலை மாஸ்டரம்மாவுக்கு வேண்டும். அடுப்படியில் பொழுது போகவில்லை என்பதற்காக இல்லை. ஓட்டுவது அவளுக்குப் பிடித்திருந்தது. குப்பைத் தொட்டியில் சாத்திய இன்னொரு பெண்ணைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எங்கேயாவது நல்ல ஏரிக்கரையாகப் பார்த்து, மனிதர் குளிர்ந்து போயிருக்கும் நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடலாம் என்பது திட்டம்.

திட்டத்தில் ஒரு ஓட்டை. மாஸ்டர் எங்கேயும் நிறுத்துகிற வழியாக இல்லை.

மலைப்பாதை தொடங்கியதிலிருந்து அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவில் மரங்கள் விலகி, கீழே முதல் ஏரி தெரிந்தது. "அப்பா, நிறுத்துங்க, ஒரே ஒரு போட்டோ" என்றாள் வாலு. "திரும்பும்போது பாத்துக்கலாம்." இன்னொரு வளைவில் அருவி. "திரும்பும்போது." அக்காவுக்கு வயிற்றைப் பிரட்டியது. "அதுவும் திரும்பும்போதா தம்பி?" என்று கேட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டாள்.

அடுத்த வளைவில் இரண்டாவது ஏரி வந்தது. எதிர்க்கரையில் இருந்த மலை முழுசாகத் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அதையும் மாஸ்டர் திரும்பும்போதுக்குத் தள்ளினார். மாஸ்டரம்மாவுக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷமும் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றே ஓட்டியாயிற்று, எதைத் திரும்பிப் பார்த்தோம் என்று மனசுக்குள் பொருமினாள். அப்போதுதான் அவள் கால் அந்த பிரேக்கின் மேல் பட்டது.

மாஸ்டருக்காகத் தனியாக வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று அவள் பக்கத்தில் உண்டு. அதில் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். வண்டி எதுவும் இல்லை. முன்னால் சாலை அகலமாக இருந்தது. பிரேக்கை மெல்ல, ஆனால் உறுதியாக அழுத்தினாள்.

கார் வேகம் குறைந்து, ஒரு உதறு உதறி, ஓரமாக அணைந்து நின்றது.

"என்னாச்சுங்க?" என்றாள் மாஸ்டரம்மா, பச்சைப்பிள்ளை மாதிரி.

மாஸ்டர் கைபிரேக்கை இழுத்தார். கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். "பிரேக் ஒட்டிக்குது போல. பாக்கிறேன்" என்று சொல்லி இறங்கி, பானட்டைத் தூக்கி, அதற்குப் பின்னால் மறைந்துபோனார். மற்ற மூவரும் இறங்கி ஏரியைப் பார்த்தார்கள். வாலு போட்டோ எடுத்துத் தள்ளினாள். அக்கா பிளாஸ்க்கைத் திறந்து சுடச்சுட டீயை மூடியில் ஊற்றி, "கெட்டுப்போனாலும் நல்ல இடமாப் பாத்துக் கெட்டிருக்கு" என்று காரைப் பாராட்டினாள்.

விஷயத்தைச் சொல்லலாம் என்று மாஸ்டரம்மா பானட் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். அதற்குள் மாஸ்டர் டமாரென்று மூடிவிட்டு, "ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

அடுத்த முறை பைன் மரக் காட்டுக்கு நடுவில் நின்றது. மாஸ்டர் மறுபடி பானட்டுக்குள் தலையை விட்டார். அந்த நேரம் பார்த்து, மேலேயிருந்து வந்த ஒரு லாரி பக்கத்தில் நின்றது. லாரிக்காரர் கூரைமேல் இருந்த போர்டைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், கனிவோடு ஜன்னலுக்கு வெளியே எட்டினார்.

"புதுசா சார்? பயப்படாதீங்க. கீழ பாக்காம ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. ரெண்டாவது கியரை விட்டு மாறவே மாறாதீங்க."

"நான் மாஸ்டர்" என்றார் மாஸ்டர்.

"ஆகிடலாம் சார், ஆகிடலாம். எல்லாரும் ஒரு நாள் புதுசுதானே" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் கிளம்பிப் போனார். வாலு சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு மரத்துக்குப் பின்னால் ஓடினாள்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் மாஸ்டரம்மாவின் கால்மேலேயே இருந்தது. வயிற்றைப் பிரட்டுகிறது என்று முன்னிருக்கைகளின் நடுவில் தலையை நீட்டி உட்கார்ந்து வந்தவள், கார் நிற்பதற்கு முன்னால் அந்தக் கால் செய்த வேலையைப் பார்த்துவிட்டாள். மாஸ்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பியிடம் போட்டுக்கொடுக்க இதைவிட நல்ல சமாச்சாரம் அக்காவுக்கு வாழ்நாளில் கிடைக்காது.

"அண்ணி..." என்று மாஸ்டரம்மா ஆரம்பித்தாள்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மேல ஒரு அருவி இருக்காமே. அங்க கொஞ்சம் ரிப்பேர் பண்ணு."

அதிலிருந்து ரிப்பேரின் நிர்வாகம் அக்காவின் கைக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து மாஸ்டரம்மாவின் தோளில் ஒரு விரலால் குத்துவாள். கண்ணாடியில் ஒரு பார்வை, காலில் ஒரு அழுத்து, கார் நிற்கும். அருவியில் நின்றது. மேகம் சாலையில் இறங்கிப் படுத்திருந்த இடத்தில் நின்றது. குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்த புல்வெளியில் நின்றபோது, "இது எதுக்கு அண்ணி?" என்று மாஸ்டரம்மா கிசுகிசுத்தாள். "கால் மரத்துப்போச்சு" என்றாள் அக்கா.

கொஞ்ச தூரம் வரை மாஸ்டரம்மாவுக்கு இது ஆனந்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒன்று உறுத்தத் தொடங்கியது. மாஸ்டர் கோபப்படவில்லை. வீட்டில் மிக்ஸி மூடி சரியாக உட்காரவில்லை என்றாலே கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுக்கிற மனிதர், ஐந்தாறு முறை கார் நின்றும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பானட்டுக்குப் பின்னால் அவர் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. பல் கிட்டும் குளிரில் அவர் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வருவார். அந்தத் துணியைக் குதிரைப் புல்வெளியில் மாஸ்டரம்மா கவனித்துப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

மலையுச்சியில் சாலை கொஞ்சம் தட்டையாகி, பிறகு மறுபக்கம் இறங்கத் தொடங்குகிற இடம் வந்தது. கீழே, பள்ளத்தாக்கின் அடியில், அவர்கள் தங்கப்போகும் பெரிய ஏரி. அதுவரை சாலை வளைந்து வளைந்து, அவிழ்த்துப் போட்ட ரிப்பன் மாதிரி கிடந்தது. ஓரத்தில் தடுப்புச்சுவர் பாதி இடத்தில் இல்லை. அக்காவின் விரல் இன்னும் குத்தவில்லை, மாஸ்டரம்மாவின் கால் இன்னும் அசையவில்லை. கார் தானாகவே நின்றது.

"இப்ப நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

மாஸ்டர் இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினார். மாஸ்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். பானட்டின் மறைவில் அவர் எதையும் பார்க்கவில்லை. சூடான இன்ஜினுக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர் நடுக்கம் வேறு, இது வேறு என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க, வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "நான்தான் மிதிச்சேன். அந்தப் பக்கத்து பிரேக்கை."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"மொத தடவைல இருந்து." அவர் இன்ஜினைப் பார்த்தே பேசினார். "அந்தப் பக்கம் மிதிச்சா இந்தப் பக்க பிரேக்கும் சேந்து இறங்கும். வருஷக்கணக்கா அதை மிதிச்சே வயித்தக் கழுவறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

மாஸ்டர் பதில் சொல்வதற்கு முன்னால் பானட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அக்காவும் வாலுவும் காருக்குள்தான் இருந்தார்கள். குரலை இறக்கிக்கொண்டார்.

"நீ நிறுத்தினப்பல்லாம் எனக்கு உயிர் வந்துச்சு. நான் வண்டி ஓட்டியே எத்தனை காலமாச்சு சொல்லு. ஓட்டுறவங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். ஊருக்குள்ள மார்க்கெட்டையும் ஸ்டேஷனையும் சுத்திச் சுத்தி வந்தவன். இந்தப் பள்ளத்தைப் பாத்ததும் காலு ரெண்டும் என்னுது இல்லன்னு ஆயிடுச்சு. மாஸ்டருக்கு பயமாருக்குன்னு அக்கா முன்னாடி சொல்லச் சொல்றியா? சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தான் இவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்க, இவர் தன் தயவில் மலையேறி வந்திருக்கிறார். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். லைசென்ஸை எடுத்து இன்ஜினுக்கு மேலே, அவர் விரல்களுக்கு நடுவில் நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். புகைப்படத்தைப் பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"இதுவும் தெரியுமா?" என்றாள்.

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மிதிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கண்ணாடியப் பாத்த. சும்மா வந்து உக்காந்தவங்க பாக்க மாட்டாங்க." லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தார். "வளைவு வர்றப்ப உன் கை தானா கியர் மாத்துச்சு, மடியில. கட்டை விரல கீழ பாக்க வெச்சுக்கிட்டு. அப்படி ஊருல ஒரே ஒருத்தன்தான் சொல்லிக்குடுப்பான்."

மாஸ்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தகர டப்பா" என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு பெருமூச்சு விட்டார். "அப்ப தலையணை உறை வரவே வராதா?"

"வராதுங்க."

"நான் ஒழுங்கா சொல்லிக்குடுத்திருந்தா அவன்கிட்ட ஏன் போற" என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு மலையேறப் பட்ட பாட்டுக்குக் குறைந்ததில்லை. காரின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து, பானட்டை மூடினார்.

ஆட்கள் இடம் மாறி உட்கார்வதைப் பார்த்து அக்காவின் புருவம் கூரையைத் தொட்டது. "பிரேக் கோளாறு" என்றார் மாஸ்டர், அவளைப் பார்க்காமல். "அது என் கைக்குத்தான், அதாவது காலுக்குத்தான் அடங்கும். அதனால நான் இந்தப் பக்கம் உக்காந்தாகணும்."

"உக்காரு தம்பி, உக்காரு. நல்லாக் கண்டுபிடிச்ச" என்றாள் அக்கா. வாலு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

மாஸ்டரிடம் படித்தவர்களுக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியும். அவர் யாரையும் நன்றாக ஓட்டுகிறாய் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. திடீரென்று ஒரு நாள் செருப்பைக் கழற்றுவார். இன்னொரு நாள் இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் வைத்துச் சம்மணம் போட்டுக்கொள்வார். அவர் கால் பிரேக்கை விட்டு வந்துவிட்டதென்றால் ஓட்டுகிறவர் தேறிவிட்டார் என்று அர்த்தம். வீட்டுக்கு இனிப்போடு வருகிறவர்கள், "மாஸ்டர் காலைத் தூக்கிட்டாரும்மா" என்றுதான் மாஸ்டரம்மாவிடம் சொல்வார்கள். அரசாங்கம் லைசென்ஸ் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம். அந்த இனிப்பை வாங்கி வைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறாமையாக இருந்திருக்கிறது.

இறக்கம் தொடங்கியது. முதல் வளைவில் அவள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அது தானாக இறங்கியது. இரண்டாவது வளைவிலும். மூன்றாவதில் அவள் காரைச் சமாளித்துத் திருப்பிவிட்டு, "ஏங்க, காலை எடுங்க" என்றாள்.

"பழக்கம்" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கும் இந்த பிரேக்குக்கும் ஒத்தே வராது" என்றாள்.

பின்னால் அக்காவுக்கு டீ புரையேறியது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. மாஸ்டரம்மா ஒதுங்கி நின்று வழிவிட்டு, கைபிரேக்கை விடுவித்து, பின்னால் ஒரு விரல்கடை கூட உருளாமல் நகர்ந்தாள். கை சொன்னபடி கேட்டது. அடுத்த வளைவில் பிரேக் தானாக இறங்கவில்லை. காலடியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. செருப்பு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தாள். ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் ஆகாயமுமாக வளைவுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் பதமாக வெட்டித் திருப்பினாள். ஏரி வளைவுக்கு வளைவு பெரிதாகிக்கொண்டே வந்தது. தடுப்புச்சுவரே இல்லாத ஒரு திருப்பத்தில் வாலு, "அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "பக்கத்துல பாரு."

கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். மாஸ்டர் இரண்டு காலையும் இருக்கையில் ஏற்றிச் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை வர்றேன்னு சொன்ன அம்மாவுக்கு போன் பண்ணி, மன்னிச்சுக்குங்க, ஆள் கிடைச்சாச்சுன்னு சொல்லிடணும்" என்றார், அந்தப் பள்ளத்திடம் சொல்வதுபோல. "சொல்லிக்குடுக்கிறதுக்குத் தனியா ஒரு பரீட்சை இருக்கு. படி. இந்தத் தடவை நான் சொல்லித்தரேன். திட்ட மாட்டேன்."

மாஸ்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்தால் ஸ்டியரிங்கிலிருந்து கை எடுக்க வேண்டும். துடைக்காமல் ஓட்டினால் சாலை தெரியாது. கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். வண்டி எதுவும் இல்லை. முன்னால் ஏரியை ஒட்டி நல்ல அகலமான இடம் வந்தது. பிரேக்கை மெல்ல, ஆனால் உறுதியாக அழுத்தினாள்.

"என்னாச்சு?" என்றார் மாஸ்டர்.

"பிரேக் ஒட்டிக்குது" என்றாள் மாஸ்டரம்மா.

"அப்ப இறங்கித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் குனிந்து செருப்பைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றை அக்கா எப்போதோ முன்னால் கைநீட்டி எடுத்து, மடியில் பிளாஸ்க்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"அவசரப்படாத தம்பி" என்றாள் அக்கா. "திரும்பும்போது பாத்துக்கலாம்."